வோர்கல் ஊரின் தேயும் பணம்: எப்படி ஓடியது, ஏன் நின்றது

1930-களின் பெருமந்தத்தின்போது ஆஸ்திரியாவில் ஒரு சிறிய ஊர் தன் சொந்தப் பணத்தை அச்சிட்டு, வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுத்ததாகச் சொல்கிறார்களே, அது உண்மைதானா. உண்மையென்றால் அந்தப் பணம் எப்படி வேலை செய்தது. அவ்வளவு நல்ல ஏற்பாட்டை ஏன் தடை செய்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நடந்தது உண்மை. அந்த ஊரின் பெயர் வோர்கல். ஆனால் இந்தக் கதை வாய்மாறி வாய்மாறி நம்மிடம் வந்து சேர்வதற்குள் அதன் முக்கியமான பகுதி ஒன்று உதிர்ந்துபோய்விட்டது. மாதந்தோறும் மதிப்புத் தேய்கிற பணம் என்கிற விந்தையை எல்லோரும் சொல்கிறார்கள். அந்தப் பணத்தை வரியாகத் திரும்ப வாங்கிக்கொண்ட பேரூராட்சி அலுவலகத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. வோர்கல் திட்டத்தின் உயிர் அந்த அலுவலகத்தின் வரி வசூல் சன்னலில்தான் இருந்தது என்பது என் துணிபு. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வோர்கல், ஆஸ்திரியாவின் மேற்குப் பகுதியான டிரோல் மாநிலத்தில், இன் ஆற்றின் பள்ளத்தாக்கில் இருக்கிறது. அன்று அதன் மக்கள் தொகை சுமார் 4,200. சால்ஸ்புர்க் பக்கமிருந்து மலைகளினூடே வரும் ரயில் பாதையும், இன்ஸ்புருக்கிலிருந்து ஜெர்மன் எல்லையை நோக்கிச் செல்லும் பாதையும் சந்திக்கும் சந்திப்பு நிலையம் அது. அதனால் ஊரில் ரயில்வேத் தொழிலாளர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் சிமென்ட் ஆலையும் மரக்கூழ் ஆலையும் இருந்தன. 1931 மே மாதம் வியன்னாவின் மிகப் பெரிய வங்கியான கிரெடிட் ஆன்ஸ்டால்ட் நொடித்தபோது, ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த ஆஸ்திரியப் பொருளாதாரம் தரையில் விழுந்தது. ஆலைகள் ஆட்களைக் குறைத்தன, ரயில்வேயும் குறைத்தது. 1932-இல் வோர்கலிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலுமாகச் சுமார் 1,500 பேர் வேலையின்றி இருந்தார்கள். அவர்களில் பலருக்கு அரசு உதவித்தொகைக்கான காலமும் முடிந்துவிட்டதால், அவர்களைக் காக்கும் பொறுப்பு பேரூராட்சியின் தலையில் விழுந்தது.

பேரூராட்சியின் நிலையோ அவர்களுடைய நிலையைவிட மேலானதாக இல்லை. இன்ஸ்புருக் சேமிப்பு வங்கிக்கு அது சுமார் 13 லட்சம் ஷில்லிங் (ஷில்லிங் அன்றைய ஆஸ்திரிய நாணயம்) கடன் பட்டிருந்தது. வட்டியைக்கூடக் கட்ட முடியவில்லை. ஊர்க்காரர்கள் பேரூராட்சிக்குக் கட்டாமல் வைத்திருந்த வரிப் பாக்கி 1926-இல் சுமார் 21,000 ஷில்லிங்காக இருந்தது; 1931-இல் அது 1,18,000 ஷில்லிங்காக ஏறிவிட்டது. இந்த ஒரு எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் சாவி இதுதான்.

மந்தம் என்றால் பொருள் இல்லாமை என்று பலர் நினைக்கிறோம். வோர்கலில் இல்லாமற்போனது பொருள் அன்று. சாலை பழுதுபட்டுக் கிடந்தது. அதைச் செப்பனிடத் தெரிந்த கைகள் சும்மா இருந்தன. கல்லும் மணலும் மரமும் ஊரைச் சுற்றியே இருந்தன. கடைகளில் மாவும் துணியும் விற்காமல் தேங்கிக் கிடந்தன. இவற்றையெல்லாம் ஒன்றோடொன்று கோத்துவிடும் நூலான பணம்தான் நின்றுபோயிருந்தது. விலைகள் மாதாமாதம் இறங்கிக்கொண்டிருக்கும் காலத்தில் கையில் பணம் வைத்திருப்பவர் அதைச் செலவழிக்கத் தயங்குவார்; இன்று வாங்குவதை அடுத்த மாதம் வாங்கினால் மலிவாகக் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். வங்கிகள் நொடிப்பதைப் பார்த்தவர் வங்கியிலும் போட மாட்டார். பெட்டியில் பூட்டி வைப்பார். ஒருவர் பூட்டி வைத்தது இன்னொருவரின் கூலியாகவும், அவர் வாங்கியிருக்க வேண்டிய மாவின் விலையாகவும், மாவு விற்றவர் கட்டியிருக்க வேண்டிய வரியாகவும் இருந்திருக்க வேண்டிய பணம்.

1931 டிசம்பரில் மேயரான மிக்கேல் உண்டர்குக்கன்பெர்கர் இந்த முடிச்சைத் தெளிவாகக் கண்டவர். 1884-இல் எளிய குடும்பத்தில் பிறந்து, இயந்திரத் தொழில் கற்று, ரயில்வேயில் வேலை பார்த்து, தொழிற்சங்கத்தின் வழியாகச் சமூக ஜனநாயகக் கட்சி அரசியலுக்கு வந்தவர். சொந்தக் கட்சியின் பொருளாதாரச் சிந்தனைக்கு வெளியே சென்று, சில்வியோ கெசெல் என்பவரின் எழுத்துகளை அவர் பல ஆண்டுகளாகப் படித்து வந்திருந்தார். கெசெல், அர்ஜென்டினாவின் புவெனஸ் அய்ரஸ் நகரில் வணிகராக இருந்த ஜெர்மானியர். 1890-களில் அங்கு ஏற்பட்ட நிதி நெருக்கடியைக் கண்ணெதிரே கண்ட அவர் கேட்ட கேள்வி எளிமையானது: உருளைக்கிழங்கு அழுகுகிறது, இரும்பு துருப்பிடிக்கிறது, துணியைப் பூச்சி அரிக்கிறது, ஆகவே பொருள் வைத்திருப்பவர் விற்றே தீர வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறார், பணம் வைத்திருப்பவருக்கு மட்டும் அந்தக் கட்டாயம் ஏன் இல்லை? பணமும் பொருளைப் போலவே தேய வேண்டும், அப்போதுதான் இரண்டும் சந்தையில் சமமாக நிற்கும் என்றார் அவர். 1930 மார்ச்சில் கெசெல் இறந்தபோது அவருடைய கருத்து சிறு சிறு வட்டங்களுக்குள்தான் உயிரோடு இருந்தது.

அந்தக் கருத்துக்கு வோர்கலுக்கு முன்பே ஒரு சோதனை நடந்திருந்தது. பவேரியாவில் ஷ்வானன்கிர்ஷன் என்ற சிற்றூரில் மூடிக்கிடந்த பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் ஒன்றை ஹெபெக்கர் என்ற பொறியாளர், ‘வேரா’ எனப்பட்ட தேயும் சீட்டுகளைக் கூலியாகக் கொடுத்து 1931-இல் மீண்டும் திறந்தார். முதலில் வாங்க மறுத்த கடைக்காரர்கள், சுரங்கத் தொழிலாளர்கள் வேறு இடத்தில் சாமான் வாங்கத் தொடங்கியதும் வழிக்கு வந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஜெர்மன் அரசு வேராவைத் தடை செய்தது. சுரங்கமும் மீண்டும் மூடப்பட்டது. இந்தச் செய்தி உண்டர்குக்கன்பெர்கருக்குத் தெரியும். தடை வரக்கூடும் என்று தெரிந்தேதான் அவர் இறங்கினார்.

அவர் வேலையைத் தொடங்கிய விதம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உத்தரவு போட்டு எதையும் செய்யவில்லை. கடைக்காரர்கள், கைவினைஞர்கள், ஊழியர்கள் என்று ஒவ்வொரு தரப்பாரையும் சந்தித்து, இந்தச் சீட்டு என்ன, எதை நம்பி இதை வாங்க வேண்டும் என்று மாதக்கணக்கில் விளக்கினார். சமூக ஜனநாயகக் கட்சிக்கும் கிறித்தவ சமூகக் கட்சிக்கும் நாடெங்கும் கைகலப்பு நடந்துகொண்டிருந்த காலத்தில், வோர்கலில் இரு கட்சியினரும் இந்த ஒரு விஷயத்தில் சேர்ந்து கை தூக்கினார்கள். 1932 ஜூலைத் தொடக்கத்தில் திட்டம் முடிவாகி, அந்த மாத இறுதியில், ஜூலை 31 அன்று, முதல் சீட்டுகள் வெளியே வந்தன.

அவற்றைப் பணம் என்று அழைக்காமல் ‘வேலைச் சான்றுச் சீட்டு’ என்று அழைத்தார்கள். நோட்டு வெளியிடும் உரிமை தேசிய வங்கிக்கு மட்டுமே உண்டு என்று சட்டம் சொன்னதால் இந்தப் பெயர். 1, 5, 10 ஷில்லிங் என்று மூன்று மதிப்புகளில், மொத்தம் 32,000 ஷில்லிங்குக்கு அச்சிட்டார்கள். சீட்டின் பின்புறத்தில் ஊரார் அனைவருக்குமான ஓர் அழைப்பு அச்சாகியிருந்தது: பணம் மெதுவாக ஓடுவதே இந்த நெருக்கடிக்குக் காரணம் என்று தொடங்கி, இந்தச் சீட்டு வறுமையைத் தணிக்கும், வேலையும் உணவும் தரும் என்று அது முடிந்தது. முன்புறத்தில் வில்லைகள் (ஸ்டாம்புகள்) ஒட்டுவதற்கான கட்டங்கள் இருந்தன. ஒவ்வொரு மாதமும் சீட்டின் முகமதிப்பில் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் பேரூராட்சியிடம் வில்லை வாங்கி ஒட்டினால்தான் சீட்டு முழு மதிப்புக்குச் செல்லும். 1 ஷில்லிங் சீட்டுக்கு 1 குரோஷன் (100 குரோஷன் சேர்ந்தது 1 ஷில்லிங்), 10 ஷில்லிங் சீட்டுக்கு 10 குரோஷன். நம்மூரில் ரசீதில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டுவதைப் போல என்று நினைத்துக்கொள்ளலாம். ஒரே வேறுபாடு, மாதம் மாறும்போது சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் ஒட்ட வேண்டும். வில்லை விற்ற காசு ஏழைகளுக்கான உதவி நிதிக்குச் சென்றது.

இங்கே பலர் கவனிக்காத ஒரு விவரம் உண்டு. சீட்டுகள் வெறுங்காற்றில் அச்சடிக்கப்பட்டவை அல்ல. புழக்கத்தில் விட்ட சீட்டுகளுக்கு ஈடாக உண்மையான ஆஸ்திரிய ஷில்லிங்கை ஊரிலிருந்த ரைஃபைசன் கூட்டுறவு வங்கியில் பேரூராட்சி வைத்திருந்தது. சீட்டு வேண்டாம் என்பவர் நூற்றுக்கு இரண்டு கழிவு கொடுத்து ஷில்லிங்காக மாற்றிக்கொள்ளலாம். நம்பாதவருக்கு வெளியேறும் வழி திறந்தே இருந்தது. திறந்திருந்ததால் வெளியேறியவர்கள் குறைவு. (இந்த ரைஃபைசன் என்ற பெயர் நமக்குத் தொடர்பில்லாததன்று. சென்னை மாகாண அரசு அதிகாரி ஃபிரெடரிக் நிக்கல்சன், உழவர் கடன் பற்றி 1895-லும் 1897-லும் அளித்த அறிக்கைகளில், ஜெர்மனியின் ரைஃபைசன் முறைக் கூட்டுறவுகளையே நமக்கும் பரிந்துரைத்தார். நம் ஊர்களில் உள்ள கூட்டுறவுக் கடன் சங்கங்களும் வோர்கலின் அந்தச் சிறு வங்கியும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.)

இப்போது ஒரு 10 ஷில்லிங் சீட்டைப் பின்தொடர்ந்து பார்ப்போம். தெருவில் கல் பாவும் வேலை செய்த ஒருவர் வார இறுதியில் அதைக் கூலியாகப் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு மளிகைக் கடையில் பல மாதப் பற்று இருக்கிறது. சீட்டை அங்கே கொடுத்துப் பற்றில் ஒரு பகுதியை அடைக்கிறார். கடைக்காரருக்கோ பேரூராட்சியில் இரண்டு ஆண்டு வரிப் பாக்கி இருக்கிறது. மாதக் கடைசி நெருங்குகிறது. சீட்டைப் பெட்டியில் வைத்திருந்தால் 10 குரோஷன் கொடுத்து வில்லை ஒட்ட வேண்டும். ஷில்லிங்காக மாற்றினால் 20 குரோஷன் கழிவு. வரி சன்னலில் நீட்டினால் முழுப் பத்து ஷில்லிங்கும் கணக்கில் ஏறும். அவர் எங்கே போவார் என்று சொல்ல வேண்டியதில்லை. திங்கட்கிழமை காலை அந்தச் சீட்டு பேரூராட்சிப் பெட்டியில் இருக்கிறது. சனிக்கிழமை மாலை வேறொரு தொழிலாளியின் கையில் இருக்கிறது. ஒரே வாரத்தில் ஒரு துண்டுத் தாள் ஒரு கூலியைக் கொடுத்து, ஒரு கடைப் பற்றை அடைத்து, ஒரு வரிப் பாக்கியைத் தீர்த்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டது.

இந்த வட்டத்தில் தேய்மானம் செய்த வேலை தள்ளிவிடுவது; வரி சன்னல் செய்த வேலை இழுப்பது. தள்ளுவது மட்டும் இருந்திருந்தால், சீட்டை வைத்திருக்கவும் மனமின்றி, கொடுக்கவும் இடமின்றிக் கடைக்காரர்கள் விரைவில் அதை வாங்க மறுத்திருப்பார்கள். பேரூராட்சி எப்போதும் முகமதிப்புக்கு வாங்கிக்கொள்ளும் என்ற உறுதி இருந்ததால்தான் ஊர் முழுக்க அது செல்லுபடியானது. வெளியிட்டதைவிடப் பல மடங்கு தொகை சில நாட்களுக்குள் வரியாக வந்து சேர்ந்ததைக் கண்டு, கள்ளச்சீட்டு புகுந்துவிட்டதோ என்று காசாளர் பதறிப்போனதாக ஒரு கதை வழங்குகிறது. ஒரே சீட்டு மறுபடி மறுபடி வருகிறது என்பது அவருக்கு உடனே விளங்கவில்லை. பேரூராட்சி ஊழியர்களின் சம்பளத்தில் முதலில் பாதியையும் பின்னர் முக்கால் பங்கையும் சீட்டாகவே கொடுத்தார்கள். ரயில் நிலையமும் அஞ்சலகமும் மட்டும் கடைசிவரை சீட்டை வாங்கவில்லை. அவை வியன்னாவின் கட்டுப்பாட்டில் இருந்தவை.

நடந்த வேலைகள் கண்ணால் பார்க்கக்கூடியவை. ஊரின் முக்கியத் தெருக்கள் புதுப்பிக்கப்பட்டன, கழிவுநீர்க் கால்வாய் அமைக்கப்பட்டது, தெருவிளக்குகள் நீட்டிக்கப்பட்டன, பனிச்சறுக்குத் தாவுமேடை ஒன்று எழுந்தது, ஒரு பாலம் கட்டப்பட்டு, அது இந்தப் பணத்தால் 1933-இல் கட்டப்பட்டது என்று அதிலேயே எழுதி வைத்தார்கள். பொதுப்பணிகளுக்காகச் செலவானது சுமார் ஒரு லட்சம் ஷில்லிங். இணையத்தில் அடிக்கடி சொல்லப்படுவதுபோல் வேலையின்மை ஒழிந்துவிடவில்லை. நாடெங்கும் அது கூடிக்கொண்டிருந்த ஓராண்டில் வோர்கலில் குறைந்தது என்பதே சரி. கடுங்குளிர் காலத்தில் நூறு குடும்பங்களின் அடுப்பு எரிந்தால் அது சிறு காரியமன்று.

எண்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சீட்டும் பதின்மூன்றரை மாதங்களில் 463 முறை கைமாறியது என்றும், அதனால் 25 லட்சம் ஷில்லிங் மதிப்புள்ள வணிகம் நடந்தது என்றும் ஒரு கணக்கு பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. இதை அப்படியே நம்பாதீர்கள். சீட்டின் முழு வாழ்நாளும் ஏறக்குறைய 410 நாட்கள்; 463 முறை என்றால் ஒவ்வொரு சீட்டும் ஞாயிற்றுக்கிழமை உட்பட ஒவ்வொரு நாளும் ஒரு முறைக்கு மேல் கைமாறியிருக்க வேண்டும். யாரும் சீட்டுகளைப் பின்தொடர்ந்து எண்ணவில்லை. கைமாற்றங்களைப் பெருக்கிக் காட்டாமலேயே வோர்கலின் சாதனை வியப்புக்குரியது: எந்த நேரத்திலும் புழக்கத்தில் இருந்த சீட்டுகளின் சராசரி மதிப்பு சுமார் 5,500 ஷில்லிங் மட்டுமே. ஊரின் மக்கள் தொகையால் வகுத்தால் தலைக்கு 1 ஷில்லிங் 30 குரோஷன். இவ்வளவு சிறிய தொகை பேரூராட்சிப் பெட்டிக்குத் திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு முறையும் கூலியாக வெளியே போனதால்தான் அத்தனை வேலைகள் நடந்தன.

வரி சன்னல்தான் உயிர் என்று நான் சொல்வதற்கு, அது இல்லாத அல்லது பலவீனமாக இருந்த இடங்களின் அனுபவமும் சான்று. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஹாவார்டன் என்ற சிறு நகரில் 1932 அக்டோபரில் 300 டாலருக்குச் சீட்டுகள் வெளியிட்டார்கள். ஆனால் அங்கே மாதந்தோறும் வில்லை ஒட்டும் முறை இல்லை. ஒவ்வொரு முறை கைமாறும்போதும் 3 சென்ட் வில்லை ஒட்ட வேண்டும், 36 வில்லைகள் சேர்ந்ததும் நகராட்சி அதை டாலராக மாற்றித் தரும். யோசித்துப் பாருங்கள்: வைத்திருப்பவருக்குச் செலவில்லை, கொடுப்பவருக்குத்தான் செலவு. பூட்டி வைப்பதைத் தண்டிக்க வேண்டிய கருவி, செலவழிப்பதைத் தண்டிக்கும் கருவியாகிவிட்டது. யேல் பல்கலைக்கழகப் பொருளியலாளர் இர்விங் ஃபிஷர் இந்த வேறுபாட்டை வலியுறுத்தி, தேதி குறித்த வில்லை முறையே சரி என்று வாதிட்டார். வோர்கல் முறையை அமெரிக்கா முழுவதற்கும் கொண்டுவர 1933 பிப்ரவரியில் செனட்டர் பேங்க்ஹெட் ஒரு மசோதாவையும் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை.

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணம் 1936-இல் செய்த முயற்சி இன்னும் கூர்மையான பாடம். அங்கே 1 டாலர் சீட்டுக்கு வாரத்துக்கு 1 சென்ட் வில்லை. வோர்கலில் ஓராண்டுத் தேய்மானம் நூற்றுக்கு 12. ஆல்பர்ட்டாவில் நூற்றுக்கு 52. அதோடு, சீட்டை வெளியிட்ட மாகாண அரசே தனக்கு வர வேண்டியவை பலவற்றுக்கு அதை ஏற்கத் தயங்கியது. தான் வாங்காத பணத்தைப் பிறர் வாங்க வேண்டும் என்று எந்த அரசு சொன்னாலும் மக்கள் அதன் பொருளைப் புரிந்துகொள்வார்கள். 1937 வசந்த காலத்துக்குள் அந்த முயற்சி முடிந்துபோயிற்று.

இவ்வளவு புகழ்ந்த பிறகு வோர்கல் முறையின் எல்லையையும் சொல்லாவிட்டால் உங்களுக்கு நேர்மையாகப் பதில் சொன்னவன் ஆக மாட்டேன். 1,18,000 ஷில்லிங் வரிப் பாக்கி என்பது பல ஆண்டுகளாகத் தேங்கி நின்ற ஓர் அணை. சீட்டு அந்த அணையின் மதகைத் திறந்தது. ஆனால் பழைய பாக்கியை ஒரு முறைதான் வசூலிக்க முடியும். பாக்கி இல்லாத சிலர் தேய்மானத்துக்கு அஞ்சி வரியை முன்கூட்டியே கட்டினார்கள். அது அடுத்த ஆண்டின் வருமானத்தை இந்த ஆண்டே எடுத்துச் செலவழிப்பதாகும். மூன்றாவது, நான்காவது ஆண்டில் அணை வற்றிய பிறகு சீட்டின் ஓட்டம் எப்படி இருந்திருக்கும் என்பதைச் சோதித்துப் பார்க்க வோர்கலுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. பொருளியலாளர் கெய்ன்ஸ் 1936-இல் கெசெலை உரிய மதிப்பின்றி ஒதுக்கப்பட்ட சிந்தனையாளர் என்று பாராட்டியபோதே, இன்னொரு ஓட்டையையும் காட்டினார்: நாட்டின் நோட்டுகள் எல்லாம் தேயத் தொடங்கினால், மக்கள் வங்கிக் கணக்குக்கோ அயல்நாட்டுப் பணத்துக்கோ நகைக்கோ தங்கத்துக்கோ தாவிவிடுவார்கள். வோர்கலிலும் அதன் சிறிய வடிவம் நடந்தது. மக்கள் சீட்டைச் செலவழித்தார்கள், ஷில்லிங்கைச் சேமித்தார்கள். இரண்டு பணமும் அருகருகே இருந்ததால் அது கெடுதலாக முடியவில்லை. ஒரு நாடு முழுவதும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது.

இனி, தடையைப் பற்றி. 1933 ஜனவரியில் பக்கத்து ஊரான கிர்ச்பிக்லும் இதே போன்ற சீட்டுகளை வெளியிட்டது. வேறு ஊர்களும் ஆயத்தமாயின. பிரெஞ்சு இளைஞர் கிளோத் பூர்தே நேரில் வந்து பார்த்து எழுதிய கட்டுரை வோர்கலின் பெயரை ஐரோப்பா எங்கும் கொண்டு சென்றது. 1933 ஜூனில் வியன்னாவில் சுமார் 170 ஊர்களின் மேயர்கள் கூடிய கூட்டத்தில் உண்டர்குக்கன்பெர்கர் பேசினார். தேசிய வங்கி இதற்கு முன்பே விழித்துக்கொண்டிருந்தது. அதன் வேண்டுகோளை ஏற்று குஃப்ஸ்டைன் மாவட்ட நிர்வாகம் 1933 ஜனவரி 5 அன்றே தடையாணை பிறப்பித்திருந்தது. பேரூராட்சி மேல்முறையீடு செய்து செய்து எட்டு மாதங்களைச் சம்பாதித்துக்கொண்டது.

தேசிய வங்கியை வில்லனாகக் காட்டுவது எளிது. அதன் அச்சத்துக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை மறக்கக்கூடாது. முதல் உலகப் போருக்குப் பிறகு ஆஸ்திரியாவின் பழைய நாணயமான குரோனின் மதிப்பு சரிந்து, வாழ்நாள் சேமிப்புகள் எல்லாம் வெறும் காகிதமாயின. 1922-இல் சர்வதேச சங்கத்தின் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) கடனும் கண்காணிப்பும் வந்த பிறகே அது நின்றது. 1923-இல் தேசிய வங்கி உருவானதும், 1925-இல் 10,000 குரோனுக்கு 1 என்ற கணக்கில் ஷில்லிங் வந்ததும் அந்தக் காயத்தின் மேல் போட்ட கட்டு. வோர்கலில் முதல் சீட்டு வெளிவந்த அதே 1932 ஜூலையில்தான் ஆஸ்திரியா, ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரில் 30 கோடி ஷில்லிங் வெளிநாட்டுக் கடனுக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தது. அயல்நாட்டார் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இருநூறு ஊர்கள் ஆளுக்கொரு நோட்டு அடிக்க விடுவதை எந்த மத்திய வங்கியும் ஏற்காது. சட்டப்படி வங்கி சொன்னது சரி. ஆனால் பத்தாண்டுகளுக்கு முன் வந்த காய்ச்சலுக்கான பத்தியத்தை, உடல் குளிர்ந்து விறைத்துக்கொண்டிருந்த வேளையிலும் விடாமல் பிடித்துக்கொண்டது என்பதுதான் அதன் மீது எனக்குள்ள குறை. ஈட்டுத்தொகை முழுவதும் வங்கியில் இருந்த, 5,500 ஷில்லிங் அளவுள்ள ஒரு சீட்டு, பணவீக்கத்தைக் கொண்டுவந்திருக்க வழியே இல்லை. இத்தனை ஈடு வேண்டும், இத்தனைக்கு மேல் வெளியிடக்கூடாது, கணக்கைத் தணிக்கைக்குக் காட்ட வேண்டும் என்று விதி வகுத்து, ஊர்களை நடக்க விட்டிருக்கலாம்.

அப்படி நடக்கவில்லை. 1933 செப்டம்பர் 15 அன்று சீட்டுகள் செல்லாதவையாயின. நவம்பர் 18 அன்று வியன்னாவின் நிர்வாக நீதிமன்றம் வோர்கலின் கடைசி முறையீட்டையும் தள்ளுபடி செய்தது. நாடாளுமன்றத்தை மார்ச்சிலேயே முடக்கியிருந்த ஆஸ்திரிய அரசுத் தலைவர் (சான்சலர்) டோல்ஃபஸின் அரசு, 1934 பிப்ரவரியில் நடந்த உள்நாட்டு மோதலுக்குப் பிறகு சமூக ஜனநாயகக் கட்சியையே தடை செய்தது. உண்டர்குக்கன்பெர்கர் மேயர் பதவியை இழந்தார். 1936 டிசம்பரில் இறந்தபோது அவருக்கு வயது 52. ஸ்விட்சர்லாந்தில் கெசெலைப் பின்பற்றியவர்கள் 1934-இல் தொடங்கிய ‘வீர்’ கூட்டுறவு தேய்மானத்தைப் பின்னாளில் கைவிட்டு, சிறு நிறுவனங்கள் தமக்குள் கடன் கொடுத்து வாங்கும் வங்கியாக நிலைத்தது. பவேரியாவில் 2003-இல் பள்ளி மாணவர்கள் தொடங்கிய ‘கீம்காவர்’ சீட்டு வோர்கலின் தேய்மான முறையை மீண்டும் கையில் எடுத்தது.

சீட்டு முடிவுக்கு வந்த நாட்களில் கையில் சீட்டு வைத்திருந்தவர்கள் ஏமாறவில்லை. ரைஃபைசன் வங்கியில் ஈட்டுத்தொகை இருந்தது. கொண்டுவந்தவர்களுக்கு ஷில்லிங்காக எண்ணிக் கொடுத்தார்கள். திருப்பிக் கொடுக்கப்படாமல் ஊரார் வீடுகளில் தங்கிவிட்ட சில சீட்டுகள்தான் இன்று சேகரிப்பாளர்களிடமும் வோர்கலின் காட்சிப் பேழைகளிலும் இருக்கின்றன. அவற்றின் கட்டங்களில் 1932, 1933-ஆம் ஆண்டுகளின் வில்லைகள் இன்னும் ஒட்டியபடி இருக்கின்றன.